எட்டு ஆஃப்பாயிலும் ஓர் அக்காவும்

மாணவர் விடுதி, இராசிபுரம்
15-06-2025, ஞாயிறு

மதிப்பிற்குரிய அறிவுமதி அவர்களுக்கு,

'அவர்கள்' எல்லாம் உனக்காக இல்லை. இங்கே வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் வார்டன் மணியன் சார் படித்த பிறகுதான் விடுவார். இந்த மரியாதை அவருக்கு. வணக்கம் சார், சாப்பிட்டீங்களா?

கைபேசி கிடையாது. மாதத்தின் கடைசி ஞாயிறு மூன்று நிமிடம் வீட்டுக்குப் பேசலாம். மற்ற ஞாயிறுகளில் கடிதம். விடுதி என்று பேர், விடுவதே இல்லை. ப்ளஸ் ஒன் சேர்த்துவிட்டோம் என்று அப்பா ஊரெல்லாம் சொல்கிறார். என்னை வீட்டிலிருந்து மைனஸ் செய்ததை யாரும் சொல்வதில்லை. முதல் தேர்வில், செந்தமிழன் என்று பேர் வைத்த எனக்குத் தமிழில் முப்பத்தொன்பது.

சரி, சுற்றி வளைக்கவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு நீங்கள் எங்கள் கோழிப்பண்ணைக்கு வந்தபோது, தீவனக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு உன் முன்னால் குதித்தேன். நீ அலறினாய். நான் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. "உன்ற வெளையாட்டு ஒரு புள்ளையோட புத்தியக் குடிச்சிருச்சுடா" என்று சொல்லித்தான் அப்பா என்னை இங்கே கொண்டுவந்து இறக்கினார்.

இப்போது எப்படி இருக்கிறாய்? திட்டியாவது எழுது.

இப்படிக்கு,
வேட்டிப் பேய்


சங்ககிரி
24-06-2025

செந்தமிழா,

திட்டத்தான் எழுதுகிறேன்.

ஒரு வாரம் என் வாழ்க்கையில் இல்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அம்மாவைப் பார்த்து "நீங்க யாருங்க?" என்று கேட்டேனாம். தட்டை வீசினேனாம். கோயமுத்தூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே செருப்பில்லாமல் நடந்தேனாம். அப்பாவுடன் லாரி ஓட்டுகிற ஒருவர்தான் "அட, சென்றாயண்ணன் பொண்ணுங்க இது" என்று பிடித்துக் கூட்டி வந்தார். இன்றைக்கும் கடைக்குப் போனால், "அறிவுன்னு பேரு வெச்சு, அறிவு கலங்கிருச்சு பாரு" என்கிறார்கள். நீ சொல்லவேண்டிய சிலேடையை ஊரே சொல்கிறது. சிரி.

மலையடிவாரக் கோயிலில் மே மாதம் முழுக்க வைத்திருந்தார்கள். வேப்பிலை அடி, தலையில் தண்ணீர். சாப்பாடு விரதக் கஞ்சி, வாழைப்பழம், இளநீர். ஐந்தாம் நாள் எனக்குத் தெளிந்துவிட்டது. பேய் இறங்கிவிட்டது என்றார் பூசாரி. நான் பிறப்பதற்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்து, ஒன்று மூன்றாம் நாளும் ஒன்று நான்காம் நாளும் போய்விட்டன. அந்த இரண்டும்தான் என்னைப் பிடித்திருக்கின்றனவாம். அம்மா அதைக் கேட்டு அழுத அழுகையை நீ பார்க்கவில்லை.

வீட்டிலும் தொடர்ந்த விரதம் முந்தாநாள்தான் முடிந்தது. உன் அப்பா, என் அருமைத் தாய்மாமன், பண்ணையிலிருந்து முப்பது முட்டையோடு வந்தார், தீர்ந்தால் மறுபடி கொண்டுவருவாராம். "பேயி உறிஞ்சின ஒடம்பு சித்ரா, தேத்தோணும்" என்று தங்கையிடம் உத்தரவு. காலையில் பாலில் அடித்து இரண்டு, மாலையில் அவித்து இரண்டு. முட்டை வாசனையே எனக்கு ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறேன்.

இன்னொன்று. திருவிழாவன்று காலையில் நீ கட்டிய பந்தயத்தை வெளியில் சொல்லிவிடாதே. உன்னைவிட ஒரு வயது மூத்தவள் நான். ஆனாலும் அத்தை மகள், முறைப்பெண் என்று கிழடுகள் எல்லாம் பல்லிளிக்கின்றன. எட்டு ஆஃப்பாயில் தின்றால் அத்தனை பேர் முன்னாலும் என்னை 'அக்கா' என்று கூப்பிடுவதாகச் சொன்னாய். அந்த ஒரு வார்த்தைக்காக எட்டையும் தின்றேன். அது தெரிந்தால் அம்மா, "அன்னிக்கு எட்டுத் தின்னவதான நீ?" என்று நான்கை எட்டாக்கிவிடுவாள்.

நீ இன்னும் கூப்பிடவில்லை.

அறிவுமதி


இராசிபுரம்
06-07-2025, ஞாயிறு

அன்புள்ள முறை-கெட்ட-மதிக்கு,

பந்தய விஷயம் பத்திரம். வார்டன் சாருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். சார், வெளியில் சொல்லிவிடாதீர்கள்.

அக்காவா? எல்லோர் முன்னாலும் என்பதுதான் ஒப்பந்தம். தனியாகக் கூப்பிட்டால் செல்லாது. தீபாவளிவரை பொறு.

இங்கே என் கைவரிசையைக் காட்டினேன். 'இன்று முதல் குளிப்பதற்கு முன் பெயர் பதிய வேண்டும்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினேன். நாற்பது பேர் துண்டோடு வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். நாற்பத்தொன்றாவது ஆளாக மணியன் சார் வந்தார். அதற்குப் பிறகு நடந்ததைச் சார் அடித்துவிடுவார். கடிதத்தில். என்னை ஏற்கெனவே அடித்துவிட்டார்.

ரோட்டில் நடந்தாய் என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நான் குதிக்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது, இல்லையா? இல்லை என்று ஒரு வரி எழுதேன்.

செ.


சங்ககிரி
11-07-2025

தமிழு தமிழு தமிழு

இந்தப் பேனா எழுதும்போது பேசுகிறது. நிறுத்தச் சொல்.

அம்மா மாதிரி ஒருத்தி இங்கே இருக்கிறாள். அம்மா சேலையைத்தான் கட்டியிருக்கிறாள். பால் கொடுக்கிறாள். பாலுக்குள் மஞ்சளாய்க் கண். காலையில் இரண்டு கண் சாயந்திரம் இரண்டு கண். பாடப் புத்தகத்தில் எழுத்து எழுந்து வேறு இடத்தில் போய் உட்காருகிறது. எனக்கு வாந்தி. எனக்குத் தூக்கம். எனக்குத் தூக்கம் இல்லை.

அந்த வேட்டிக்குள்ளிருந்து வெளியே வா. சிரிக்காதே. வெளியே வா வெளியே


இராசிபுரம்
20-07-2025, ஞாயிறு

அறிவுமதி,

உன் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு மணியன் சார் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நகைச்சுவை எழுதினேன், அடித்துவிட்டேன். இன்னொன்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். மேலே கறுப்பாகத் தெரிகிறதே, அவைதாம்.

வேட்டிக்குள் யாரும் இல்லை. நான்தான். வேட்டியும் இப்போது இல்லை, அப்பா கிழித்து எறிந்துவிட்டார். இதை யார் படித்தாலும், சித்ரா அத்தையாக இருந்தாலும், அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி போடுங்கள்.

செந்தமிழன்


சங்ககிரி
02-08-2025

செந்தமிழா,

நான்தான். சரியாக இருக்கிறேன். எழுத்தைப் பார்த்தாலே தெரியுமே, கோடு நேராக இருக்கிறது.

அந்தக் கடிதத்தை எழுதிய நினைவே இல்லை. என்ன எழுதினேன் என்று சொல்லாதே.

முதலில் சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனார்கள். தூங்க மாத்திரை கொடுத்தார். தூங்கினேன், எழுந்தேன், அதேபடிதான். பிறகு மறுபடி கோயில், அதே கஞ்சி. இந்த முறை நான்கே நாளில் தெளிந்துவிட்டது. அம்மாவுக்குச் சாமி மேல் நம்பிக்கை நூறாகிவிட்டது. எனக்கு என் மேல் நம்பிக்கை போய்விட்டது. காலையில் கண் விழித்ததும் என் பேரை, பள்ளிக்கூடத்தின் பேரை, பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்க்கிறேன். சரியாக வந்தால்தான் எழுந்திருக்கிறேன். ஒருநாள் வராமல் போனால்?

ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை கிடாவெட்டு. அம்மா வேண்டிக்கொண்டது. இரண்டு கிடாய். ஈரலும் இரத்தப் பொரியலும் முதலில் என் இலையில் விழ வேண்டும், முழுவதும் நான் தின்ன வேண்டும். அப்போதுதான் வேண்டுதல் நிறைவேறுமாம். அதுவரை கோயில் விரதம். முடிந்ததும் மறுபடி மாமாவின் முட்டை.

மூன்றாம் தடவை வந்தால் படிப்பை நிறுத்திவிட்டு, கோயிலிலேயே விட்டுவிடச் சொல்கிறார் பூசாரி. அங்கே ஒரு பெண் ஒன்பது வருடமாக இருக்கிறாள். காலில் சங்கிலித் தழும்பு. என்னைப் பார்த்துச் சிரித்தாள், தெரிந்தவளைப் பார்ப்பதுபோல.

அறிவுமதி


இராசிபுரம்
10-08-2025, ஞாயிறு

அறிவுமதி,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

உன் கடிதங்களைக் கட்டிலில் தேதி வாரியாகப் பரப்பினேன். ஏப்ரலில் எட்டு ஆஃப்பாயில், இரண்டாம் நாள் பேய். மே மாதம் கஞ்சி, தெளிவு. ஜூன் கடைசியிலிருந்து தினம் நான்கு முட்டை, ஜூலையில் பேய். மறுபடி கஞ்சி, மறுபடி தெளிவு. ஜூலையில் எந்த வேட்டியும் உன் முன்னால் குதிக்கவில்லை.

எங்கள் பண்ணையை நினைத்துப் பார். மழைக்காலத்தில் கூண்டுக்குக் கீழே எரு ஈரமானால் கண் எரியும், மூக்கை அடைக்கும். கோழி தலையைத் தொங்கப் போட்டுத் தள்ளாடும். "அமோனியா ஏறிருச்சுடா, படுதாவத் தூக்குங்கடா" என்று அப்பா கத்துவார். அந்த அமோனியா மனிதனுக்குள்ளும் உண்டா என்று எங்கள் உயிரியல் ஆசிரியை அறிவுச்செல்வி மிஸ்ஸிடம் கேட்டேன். நான் ஒழுங்கான கேள்வி கேட்டதில் அவருக்கே தலை சுற்றியது.

உண்டாம். முட்டை, கறி, பருப்பு எல்லாவற்றிலும் இருக்கிற புரதம் உடம்பில் உடையும்போது அமோனியா வருமாம். கல்லீரலில் சில நொதிகள் அதைப் பிடித்து யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுமாம். சிலருக்குப் பிறவியிலேயே அதில் ஒரு நொதி குறைவு. அப்போது அமோனியா மூளைக்கு ஏறும். ஆள் தெரியாது, உளறுவார்கள், பார்ப்பவர்களுக்குப் பைத்தியம் மாதிரி இருக்கும். அவர் வீட்டில் தேடிப் படித்துவிட்டு மறுநாள் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். இதில் ஒரு வகை தாய்வழியாக வருமாம். ஆண் குழந்தைகள் பெரும்பாலும் தொட்டிலிலேயே போய்விடும். பெண்கள் தெரியாமலே வளர்ந்துவிடலாம், ஆனால் அவர்களில் பலருக்குச் சின்ன வயதிலிருந்தே கறியும் முட்டையும் பிடிக்காது.

உன் ஜூன் மாதக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். முட்டை வேண்டாம் என்று உன் உடம்பு பதினேழு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நாம்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டோம்.

"நான் டாக்டர் இல்லை, முடிவு கட்டாதே, இரத்தத்தில் அமோனியா பார்க்கச் சொல்" என்றார் மிஸ். அதுவரை முட்டை வேண்டாம். ஈரல் வேண்டவே வேண்டாம். பட்டினியும் கிடக்காதே, அதுவும் ஆகாதாம். அப்பாவுக்கும் தனியாக எழுதி, பந்தயத்தைச் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்.

செந்தமிழன்

பி.கு. விரைவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்றேன். மணியன் சார் படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார்.


சங்ககிரி
19-08-2025

செந்தமிழா,

நீ எழுதிய இரண்டு கடிதங்களையும் எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துப் படித்தார்கள். உன் அப்பா கொதித்துவிட்டார். "முட்டை தின்னா பைத்தியம் புடிக்குமா? அப்புடீன்னா நாமக்கல்லுல ஒருத்தனாச்சும் தெளிவா இருப்பானா? இவனுக்கு இன்னும் வெளையாட்டுப் போகலீங்க மாப்ளே" என்று என் அப்பாவிடம் கத்தினார்.

யாரைக் குறை சொல்வது? போன வருடம் பிளாஸ்டிக் முட்டை என்று ஒரு பொய் வீடியோ எடுத்து அனுப்பினாயே. மூன்று நாள் மாமாவின் போன் ஓயவில்லை. முட்டையைப் பற்றி நீ என்ன சொன்னாலும் இந்தக் குடும்பத்தில் அது அந்த வீடியோதான். பந்தயத்தைக் கேட்டு அம்மா சந்தோஷப்பட்டாள். "எட்டுத் தின்னாளா என்ற கண்ணு!" என்றாள்.

கேலி பண்ணுகிறாயா தமிழு? என் தலை தெளிவாக இருக்கிற நாட்கள் இவை. இவற்றை வைத்து விளையாடாதே. நீ சொல்வது நிஜமென்றால் நான் பைத்தியம் இல்லை. பொய்யென்றால் எனக்கு ஒன்றுமே மிச்சம் இல்லை. எது என்று ஒரே வரியில் எழுது.

அறிவுமதி


இராசிபுரம்
24-08-2025, ஞாயிறு

அறிவுமதி,

நிஜம்.

இந்தக் கடிதத்தில் சிலேடை கிடையாது. வார்டன் சாரும் சோதித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போக அனுமதி கேட்டேன். அப்பாவிடம் போனில் கேட்டார்கள், அவர் முடியாது என்றுவிட்டார். இருந்திருந்தால் உன் இலையிலிருந்து ஈரலைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

இதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில் எழுதியது. 'இவளுக்கு மறுபடி வந்தால் கோயிலுக்கு முன் ஆஸ்பத்திரி. இரத்தத்தில் அமோனியா பாருங்கள். புரதம் தின்றால் வருகிறது. இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்த சில நாளில் இறந்த குடும்பம்.' லாரியில் பர்மிட்டும் இன்சூரன்சும் வைக்கிற உறையில் இதைச் சொருகிவிட்டு, சென்றாயன் மாமாவிடம் மட்டும் சொல். அவர் பாதி இந்தியா வண்டி ஓட்டியவர். தெரியாத ஊரில் வழி கேட்க வெட்கப்படாத ஒரே ஆள் நம் குடும்பத்தில் அவர்தான்.

தின்னாதே. எல்லோர் முன்னாலும் சொல்.

செந்தமிழன்


சேலம், மருத்துவமனை
14-09-2025

செந்தமிழா,

சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். "எனக்கு வேண்டாங்க, ஒடம்புக்கு ஆகாதுங்க."

"முட்ட வேண்டாங்கறது அவம் பேச்சு. ஈரலுமா வேண்டாம்?" என்றார் மாமா. அம்மா ஒன்றும் அதட்டவில்லை. ஈரலை எடுத்து என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "சாமிக்குக் குடுத்த வாக்கு, சாமி. ஒரு வாய் தின்னு சாமி" என்றாள். உன்னை நம்பினேன் தமிழு. அம்மா முகத்தைத் தாண்டத்தான் முடியவில்லை. ஒரு வாய் என்றது இலை காலியாகும்வரை போனது.

இனி அப்பா சொன்னது. மறுநாள் மாலை வாந்தி. அதற்கடுத்த நாள் யாரையும் தெரியவில்லை, கண் சொருகிவிட்டது. கோயிலுக்குக் கார் வந்து நின்றது. அப்பா லாரி உறையைத் திறந்து உன் சீட்டை எடுத்தாராம். "லாரி நின்னா பட்டறைக்குத்தானுங்க கொண்டு போறோம்? கோயிலுக்கு ஒருக்கா, ரெண்டுக்காப் போயாச்சு. இந்தத் தடவ பட்டறைக்குப் போலாம்." யார் பேச்சையும் கேட்கவில்லை. காரைச் சேலத்துக்குத் திருப்பிவிட்டார்.

இங்கே இருந்த பெண் டாக்டர் சீட்டை இரண்டு தரம் படித்துவிட்டு, "இதை எழுதுனது யாருங்க?" என்று கேட்டாராம். "என்ற மச்சான் பையனுங்க. சேட்டக்காரனுங்க." அப்போதே இரத்தம் எடுத்து, ஐஸில் வைத்து ஓடினார்கள். அமோனியா இருக்கவேண்டியதைப் போல ஐந்து மடங்கு. இரண்டு நாள் தீவிர சிகிச்சை. எனக்கு நொதி பாதிதான் வேலை செய்கிறதாம். மூளைக் கோளாறு இல்லை, பேய் இல்லை. மூளைக்கு விஷம் ஏறி ஏறி இறங்கியிருக்கிறது. சாப்பாட்டை அளந்து தின்ன வேண்டும், தினமும் மருந்து உண்டு. காய்ச்சல் வந்தால், பட்டினி கிடந்தால், நாளைக்கு ஒரு பிள்ளை பெற்றால் மறுபடி வரலாம். ஆயுளுக்கும் கவனம்.

நான் பைத்தியம் இல்லை என்று தெரிந்த அன்று அழுதேன். அது நல்ல அழுகை. அதற்குப் பிறகு நடந்ததுதான் எழுத வரமாட்டேன் என்கிறது.

டாக்டர் அம்மாவிடம், "நீங்க முட்டை சாப்பிடுவீங்களாம்மா?" என்று கேட்டார். "வாசனையே ஆகாதுங்க" என்றாள் அம்மா. அவள் முட்டை தின்று நான் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் பரிமாறுகிறவள் என்ன தின்கிறாள் என்று யார் பார்த்தோம்? இரண்டாவது குழந்தை போன பிறகு, உடம்பு தேறட்டும் என்று நாட்டுக்கோழி ரசமாக ஊற்றியிருக்கிறார்கள். ஒரு வாரம் அவளுக்கு ஆளே தெரியவில்லையாம். பிள்ளை போன துக்கம் என்று சொல்லிவிட்டார்களாம். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள், இருபது வருடமாக.

பிறகு டாக்டரிடம் கேட்டாள். "அப்ப, என்ற பாலுதானுங்களா அந்தப் புள்ளைகளக் கொன்னுச்சு?"

இல்லைம்மா, பால் கொடுக்காவிட்டாலும் அந்தக் குழந்தைகள் நின்றிருக்காது, உங்கள் தப்பு எதுவும் இல்லை என்று டாக்டர் கையைப் பிடித்துச் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. என் வாயில் ஈரல் வைத்த கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

அறிவுமதி


இராசிபுரம்
21-09-2025, ஞாயிறு

அன்புள்ள அறிவுமதி அக்காவுக்கு,

இதை அத்தை பக்கத்தில் இருக்கும்போது சத்தமாகப் படி. மாமா, எங்கள் அப்பா, அங்கே இருக்கிற நர்ஸ், யார் இருந்தாலும் கூப்பிட்டு உட்கார வை. எல்லோர் முன்னாலும் என்பதுதான் ஒப்பந்தம்.

இன்று அப்பா வந்திருந்தார். வழக்கமாக விடுதிக்கு நான்கு தட்டு முட்டையோடு வருகிறவர், வெறுங்கையோடு வந்தார். வேப்ப மரத்தடியில் அரைமணி நேரம் நின்றார். "பண்ணையில நல்ல முட்டையாப் பொறுக்கித்தான்டா தங்கச்சிக்குக் குடுத்தேன். ஒடைசல் ஒண்ணுகூட வெக்கல" என்றார். என்னிடம் அதற்கு ஒரு நகைச்சுவையும் இல்லை. அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். என்னைத் திட்டவில்லை.

அத்தை, இனி எழுதுவது உங்களுக்கு. பண்ணை அடுப்பில் எட்டு ஆஃப்பாயிலையும் ஊற்றியது நான். மிளகுத்தூள் தூவி, ஒன்று, இரண்டு என்று எண்ணி, கைதட்டி ஊட்டியது நான். ஏழாவதில் அவள் போதும் என்றாள். 'தோத்துட்டே' என்று சொல்லி எட்டாவதைத் தின்ன வைத்ததும் நான். அவள் அந்த ரோட்டில் நடந்ததற்கு அந்தக் கரண்டிதான் காரணம். எனக்குத் தெரியாது அத்தை. தெரிந்திருந்தால் செய்திருப்பேனா? இல்லை என்றுதானே சொல்வீர்கள்? உங்கள் அண்ணன் மகனை நீங்கள் அப்படி நினைக்க மாட்டீர்கள். என் கையைப் பார்த்துக் கொலைகாரக் கை என்று சொல்ல மாட்டீர்கள்.

அப்படியென்றால் உங்கள் கையையும் சொல்லக்கூடாது. உங்கள் பாலையும் சொல்லக்கூடாது. எனக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம் கிடையாது.

வரும் ஞாயிறு என்னுடைய மூன்று நிமிடம். இந்தத் தடவை மாமாவின் எண்ணுக்குப் போட்டுத் தருகிறேன் என்று மணியன் சார் சொல்லியிருக்கிறார். ஸ்பீக்கரில் வையுங்கள். முதல் நிமிடம் அக்காவை அக்கா என்று கூப்பிடுவேன், யாரும் முறை பேசிச் சிரிக்கக்கூடாது. மீதி இரண்டு நிமிடமும் அத்தைக்கு. நான் ஒன்றும் பேசமாட்டேன். அத்தையும் வேறொன்றும் பேச வேண்டாம். என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். இத்தனை வருடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

தம்பி,
செந்தமிழன்